கல்லூரியில் கிடைக்கும் உதவிகள்: தமிழ்நாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் உயர்கல்விக்கு இருக்கும் உதவித் திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் தகுதியுள்ள பலருக்குப் பணமும் உரிமையும் கைக்கு வராமல் போகின்றன. ஒரு சான்றிதழ் தாமதமாகிறது, ஒரு விண்ணப்பம் அலுவலக மேசையிலேயே தங்கிவிடுகிறது, எழுதிக் கேட்க வேண்டியதை வாய்ச்சொல்லாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம். முதலாண்டு மாணவர் முதல் கௌரவ விரிவுரையாளர் வரை எல்லாரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. முதலில் என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

சாதிச் சான்று, வருமானச் சான்று, தேவைப்பட்டால் முதல் பட்டதாரிச் சான்று. மூன்றுக்கும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றை ஆண்டுதோறும் புதிதாகக் கேட்பார்கள். கல்லூரி சொல்லும்வரை காத்திருந்தால் ஜூலை, ஆகஸ்டில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் நெரியும். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று, பெயர். மதிப்பெண் பட்டியலில் 'செல்வி ம' என்றும் ஆதாரில் 'செல்வி மணி' என்றும் வங்கிக் கணக்கில் வேறு ஒரு மாதிரியும் இருக்கும். நமக்கு இனிஷியல் ஒரு எழுத்துதான், கணினிக்கு அது வேறு ஆள். உதவித்தொகை நின்றுபோன பல கதைகளின் ஆரம்பம் இதுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி மற்றவற்றை மாற்றிக்கொள்வது எளிது. மதிப்பெண் பட்டியலை மாற்றப் போனால் ஆண்டே போய்விடும்.

அண்ணன் பொறியியல் முடித்துவிட்டான். தங்கைக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டா?

கிடையாது. பெற்றோர், இரு வழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் ஆகியோரில் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. தொழிற்படிப்புகளுக்கான இந்தச் சலுகை 2010-11 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. சாதி, வருமானம் பார்ப்பதில்லை. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு அப்புறம் இந்தச் சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பயனில்லை. "சீட் போட்டுவிடுங்கள், சலுகை பிறகு வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் தரகர்களிடம் ஏமாறாதீர்கள்.

மாதம் 1,000 ரூபாய் திட்டம் யாருக்கு?

மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 முதல். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம், 2024 ஆகஸ்ட் 9 முதல். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. ஆகியவற்றில் ஒன்றில் சேர்ந்தவர்களுக்குப் படிப்பு முடியும்வரை வங்கிக் கணக்கில் பணம் வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த மாணவிக்கும் புதுமைப் பெண்ணில் இடம் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். முதுகலைக்கும் அஞ்சல் வழிப் படிப்புக்கும் கிடையாது.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். கல்லூரி விடுதிக் கட்டணம் கேட்கிறதே?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான இந்த ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிவானது. இதில் சேர்ந்தவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்பது அப்போதே செய்யப்பட்ட அறிவிப்பு. கல்லூரி பணம் கேட்டால், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதை எழுதித் தரமாட்டார்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடுவதும் உண்டு.

எஸ்.சி. பிரிவில் கலந்தாய்வு மூலம் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். "முதலில் கட்டு, ஸ்காலர்ஷிப் வந்ததும் தருகிறோம்" என்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?

நீளமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை, அதாவது போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் எஸ்.சி., எஸ்.டி., மதம் மாறிய ஆதி திராவிட கிறிஸ்தவ மாணவர்களுக்குக் கிடைக்கிறது. எஸ்.சி. மாணவர்களுக்கான செலவில் 60 சதவீதம் ஒன்றிய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்தவர்களின் திருப்பித் தராத கட்டாயக் கட்டணங்களை இதில் சேர்த்தது 2012-ஆம் ஆண்டின் அரசாணை 92. கல்லூரி அலுவலகங்களில் 'ஜி.ஓ. 92' என்று சொன்னாலே புரியும். அந்த எண்ணைச் சொல்லி ஒரு மாணவர் கேட்டால் அலுவலகத்தின் குரல் கொஞ்சம் இறங்கும் என்பதும் உண்மை.

பழைய முறையில் கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போனது. இப்போது மாணவர் கணக்குக்கே வருகிறது, அவர் கல்லூரியில் கட்ட வேண்டும். பணம் வரத் தாமதமாகும்போது கல்லூரி பொறுமை இழக்கிறது. ஹால் டிக்கெட்டை நிறுத்துவேன் என்று மிரட்டல் வருகிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பதிவின் நகலையும் கட்டணத்தை வற்புறுத்த வேண்டாம் என்ற கடிதத்தையும் முதல்வருக்குக் கொடுத்து, முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்றை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பணம் கணக்குக்கு வந்தபிறகு கல்லூரிக்குச் சேர வேண்டியதை உடனே கட்டிவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு அடுத்த ஆண்டு சிக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு இந்த உதவி 2018-லிருந்து இல்லை.

எல்லாம் சரியாகக் கொடுத்தாகிவிட்டது. பணம் மட்டும் வரவில்லை. ஏன்?

பல நேரம் வங்கிதான் காரணம். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேர அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. இரண்டாவதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் உண்டு. இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால் கடைசியாக எதை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். "வரவே இல்லை" என்று அழுத சிலரின் பணம், மறந்துபோன பழைய கணக்கில் பத்திரமாகக் கிடந்திருக்கிறது. வங்கியில் தீரவில்லை என்றால், கல்லூரியில் யூமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) பதிவைப் பார்க்கும் ஆளிடம் உங்கள் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். கல்லூரி ஒப்புதல் தராமலே இருந்திருக்கலாம்.

கல்விக் கடன் கேட்டால் "உங்கள் வீடு எங்கள் கிளை எல்லையில் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லிவிட்டது. நான்கு லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. ஏழரை லட்சம் வரைக்குமான கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் தேர்வான கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால் சொத்துப் பிணையோ ஆள் ஜாமீனோ இல்லாமல் கடன் பெறலாம். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையான கடனுக்கு, படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் 3 சதவீத வட்டித் தள்ளுபடி உண்டு. எந்தக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பதைச் சேர்வதற்கு முன்பே பாருங்கள்.

ஒரு கல்லூரியில் கட்டணம் கட்டியபின் வேறு இடம் கிடைத்துவிட்டது. பணமும் டி.சி.யும் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுப் பணம், அதில் செயலாக்கக் கட்டணமாக அதிகபட்சம் 5,000 ரூபாய் கழிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி கடந்து 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிட வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. "மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி." என்பது சட்டமில்லாத பேச்சு.

நன்றாக எழுதிய பேப்பரில் அரியர் விழுந்துவிட்டது. விடைத்தாளைப் பார்க்க வழி உண்டா?

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தருகின்றன. அதைப் பாடம் தெரிந்த ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் போவதா என்று முடிவு செய்யலாம். முடிவு வந்த சில நாட்களிலேயே கெடு முடிந்துவிடும், கவனம். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்க இந்தச் சட்டப்படி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் என்ன வசதி?

எழுதுவதில் சிரமம் இருந்தால் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரமும் உண்டு. அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்களில் சேர்க்கையில் 5 சதவீத இடங்களும் வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தர வேண்டியவை. தேர்வுக்கு முந்தைய நாள் போய்க் கேட்காமல், பருவம் தொடங்கும்போதே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆய்விதழ்களைப் படிக்கப் பணம் கேட்கிறார்கள். வேறு வழி?

அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ இருந்தால், 2025 தொடக்கத்திலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்கள். நூலகரிடம் உள்நுழைவு கேட்டு வாங்குங்கள். தனியார் கல்லூரிகளுக்கு இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் இவ்வளவு மாணவர்கள் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும்போது இது பெரிய குறைதான். அவர்களுக்கு ஷோத்கங்கா உதவும். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் அதில் இலவசம், தமிழில் எழுதியவையும் ஏராளம். சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எல்லாருக்கும் பொது.

என்.பி.டி.இ.எல். படிப்பு உண்மையிலேயே பயன்படுமா?

ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் படிப்புகள் இவை. படிப்பது இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஒன்றிய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் வரும் இந்தப் படிப்புகளின் கிரெடிட் புள்ளிகளை உங்கள் பட்டப்படிப்பில் 40 சதவீதம் வரை சேர்த்துக்கொள்ள மானியக் குழு அனுமதிக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்றிருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். சான்றிதழ் சேர்ப்பதற்காக மட்டும் ஒரே பருவத்தில் நான்கைந்து படிப்பில் சேருவதில் எனக்கு நம்பிக்கையில்லை. துறைக்குத் தேவையான ஒன்றை ஒழுங்காக முடித்தால் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். மாநில அரசின் நான் முதல்வன் திட்டப் படிப்புகளுக்கும் இது பொருந்தும்.

தமிழ் வழியில் படித்தால் வேலைவாய்ப்பில் ஏதாவது உண்டா?

உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் நேரடி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை, 2010 சட்டப்படி. 2020 திருத்தத்துக்குப் பிறகு, முதல் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய படிப்பு வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். பட்டம் வாங்கும்போதே கல்லூரியிலிருந்து தமிழ் வழிச் சான்றையும் வாங்கிவிடுங்கள். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்தபிறகு தொடக்கப் பள்ளியிலிருந்து ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவது பெரும்பாடு.

முனைவர் பட்டம் செய்கிறேன். உதவித்தொகை, விடுப்பு, நெறியாளர் பிரச்சினை, எல்லாவற்றையும் சொல்லுங்களேன்.

நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், பின்னர் முதுநிலையில் 42,000. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவை மூன்று வகையாகத் தருகிறார்கள். ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டாலும் அந்த மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் பயன்படுத்தலாம்.

கால அளவு குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கும் மேல் இரண்டு ஆண்டுத் தளர்வு. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக மொத்தம் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். திருமணமாகி வேறு ஊருக்குப் போனால், அதுவரை செய்த ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று மானியக் குழுவின் 2022 விதிமுறை சொல்கிறது. "கல்யாணமா, பிஎச்.டி.யா" என்று வீட்டில் கேட்டால் இந்த விதியைக் காட்டுங்கள்.

நெறியாளர் விஷயம் சிக்கலானது. பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது. சேரும் முன்பே அவரிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் வைவா (இறுதி வாய்மொழித் தேர்வு) முடித்தார்கள் என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள். ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் அறிக்கை அளிப்பதைத் தவறவிடாதீர்கள். பின்னாளில் நெறியாளர் "இவர் வேலையே செய்யவில்லை" என்றால் உங்கள் பக்கம் பேசுவது அந்தக் குழுவின் பதிவுகள்தான். சொந்த வேலை வாங்குவது, பணம் கேட்பது போன்றவை வந்தால் தேதியோடு குறித்து வையுங்கள்.

ராகிங் நடந்தால்?

1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டதையடுத்து, 1997-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. கட்டணமில்லாத தேசிய உதவி எண் 1800-180-5522, எந்நேரமும் பேசலாம். விடுதியில் என்றால் வார்டனிடம் மட்டும் சொல்லிவிட்டு நிற்க வேண்டாம்.

பாலியல் தொல்லை குறித்து எங்கே புகார் செய்வது? நான் ஆசிரியையல்ல, அலுவலகத்தில் தற்காலிக ஊழியர்.

யாராக இருந்தாலும் உள்ளகப் புகார்க் குழுதான். மாணவர், ஆசிரியர், தட்டச்சர், துப்புரவுப் பணியாளர், ஒப்பந்த ஊழியர் எல்லாரும் அதற்குள் வருவார்கள். தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். "காலேஜ் பெயர் கெட்டுவிடும்" என்று சமாதானம் பேசுபவர்கள் வருவார்கள். சமரசம் வேண்டுமா என்பதைப் புகார் கொடுத்தவர்தான் கேட்க முடியும், குழுவோ முதல்வரோ வற்புறுத்த முடியாது.

மனசு சரியில்லை. யாரிடம் பேசலாம்?

14416. டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரையும் பாருங்கள். அறைத் தோழனிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள்.

பொதுவாக எந்தக் குறைக்கும் ஒரே வழி என்ன?

மாணவர் குறைதீர்க் குழு. மானியக் குழுவின் 2023 ஏப்ரல் விதிமுறைப்படி எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டும். கூடுதல் கட்டணம், சான்றிதழை நிறுத்துவது, தேர்வு முடிவு தாமதம், உதவித்தொகை தராதது எல்லாம் இதற்குள் அடங்கும். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்கவில்லையென்றால் அடுத்த 15 நாளில் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர், மாவட்ட நீதிபதி போன்ற ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். அவர் பெயரைக் கல்லூரி அறிவித்திருக்க வேண்டும். எங்கும் காணோம் என்றால் அதையே ஒரு குறையாக எழுதலாம்.

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த நிலைக்குப் போக என்ன செய்ய வேண்டும்?

மானியக் குழுவின் 2018 விதிமுறையில், பிஎச்.டி. இருந்தால் நான்கு ஆண்டு, எம்.ஃபில். என்றால் ஐந்து, முதுகலை மட்டும் என்றால் ஆறு ஆண்டில் சம்பள நிலை 10-லிருந்து 11-க்குப் போகலாம். ஓரியன்டேஷன் ஒன்றும் புத்தொளிப் பயிற்சி ஒன்றும் முடித்திருக்க வேண்டும். முன்பு மனிதவள மேம்பாட்டு மையங்கள் நடத்தியவை இப்போது மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்ற பெயரில் நடக்கின்றன. சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் மையங்கள் உண்டு, இணைய வழியிலும் பல பயிற்சிகள் வருகின்றன. நான்காம் ஆண்டில் ஓடாமல் இரண்டாம் ஆண்டிலேயே முடியுங்கள். முதல்வர் விடுவிப்பு ஆணை தரத் தயங்குவது தேர்வுக் காலத்தில்தான்.

கௌரவ விரிவுரையாளருக்கு என்ன உரிமை?

வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை என்று மானியக் குழு 2019-ல் சொன்னது. நடைமுறையில் கையில் வருவது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு, கோடை மாதத்தில் அதுவும் இல்லை. ஒரே பாடத்தை, ஒரே வகுப்பறையில், பல மடங்கு சம்பளம் வாங்குபவருக்குச் சமமாக நடத்துபவருக்கு இது அநியாயம். இப்போதைக்குச் செய்யக்கூடியது, ஒவ்வோர் ஆண்டும் பணி ஆணை, வருகைப் பதிவு, அனுபவச் சான்று மூன்றையும் வாங்கி வைப்பது. நிரந்தரப் பணித் தேர்வில் அனுபவத்துக்கு மதிப்பெண் தரும்போது, உயர்கல்வித் துறை அதிகாரி மேலொப்பம் இட்ட சான்று இல்லாமல் பத்து ஆண்டு வேலையும் கணக்கில் வராது.

தனியார் கல்லூரியில் வேலையை விட்டால் அசல் சான்றிதழைத் தர மறுக்கிறார்கள். பணிக்கொடையும் இல்லை என்கிறார்கள்.

சான்றிதழைப் பிடித்துவைக்க எந்த நிர்வாகத்துக்கும் உரிமையில்லை. பதிவுத் தபாலில் கேளுங்கள், நகலைக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் காவல் நிலையம், உயர் நீதிமன்றம் என்று வழி இருக்கிறது. புதிதாகச் சேருபவர்களுக்கு ஒன்று: அசலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். கொடுத்தே தீர வேண்டும் என்றால் எந்தெந்தச் சான்றிதழ் என்று எண்ணோடு எழுதி ரசீது வாங்குங்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆசிரியர்களுக்கும் உண்டு. 2009-ல் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி செய்தார்கள். தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கை உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால், கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வந்ததைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்குங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 39,000 வாங்கிய ஒருவர் எட்டு ஆண்டு வேலை பார்த்திருந்தால் 1,80,000 ரூபாய். தராவிட்டால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையரிடம் மனு கொடுக்கலாம்.